சேற்றில் வண்டி சிக்கினால்: ஒரு மலை டாக்டரின் அனுபவ இழை

1.
மழை ஆரம்பிச்சாச்சு. போன வாரம் மட்டும் மூணு பேர் இன்பாக்ஸில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்காங்க. "டாக்டர், புதுசா 4x4 வாங்கியிருக்கேன். நீங்க மலையிலதானே வேலை பாக்குறீங்க, சேத்துல சிக்கினா எப்படி எடுக்கிறதுன்னு எழுதுங்களேன்."

எழுதிடுவோம். கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2.
முதலில் என் தகுதி. நான் ஆஃப்ரோடு நிபுணர் இல்லை. வெறும் எம்.பி.பி.எஸ். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷமா வேலை. எங்க எல்லையில் இருக்கிற குக்கிராமங்களில் பாதிக்கு மேல் தார் ரோடு கிடையாது. தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டுக்கே போகும் பிபி, சுகர் மாத்திரை, எல்லாமே மண் தடத்தில் ஜீப்பில்தான் போய்ச் சேருது.

நான் கத்துக்கிட்டது ரெண்டு இடத்தில். ஒண்ணு, எங்க ஜீப் டிரைவர் அண்ணன். என் வயசுக்குச் சமமா மலை ரோடு பார்த்தவர். இன்னொண்ணு, எங்க அவசர சிகிச்சை அறை. சேத்துல சிக்கின வண்டியால் யாரும் செத்துப் போறதில்லை. அந்த வண்டியை எடுக்கப் போய் அடிபட்டவங்கதான் எங்ககிட்ட வர்றாங்க. அதனால இந்த இழையில் வண்டி பாதி, உடம்பு பாதி இருக்கும்.

3.
ஏன் சிக்குது?

மண்ணில் சக்கரம் பிடிச்சு நகரணும்னா டயரில் இருக்கிற பல் மண்ணைக் கடிக்கணும். களிமண் சேறு அந்தப் பல்லுக்கு நடுவில் போய் அடைச்சுக்கும். அப்புறம் உங்க புது டயரும் தேய்ஞ்ச மொட்டை டயரும் ஒண்ணுதான். வழுக்கும்.

வழுக்கினதும் எல்லாரும் என்ன பண்ணுவாங்க? ஆக்சிலேட்டரை மிதிப்பாங்க. சக்கரம் வேகமா சுத்தும், முன்னாடி போகாது, கீழே போகும். அஞ்சு செகண்டில் ஒரு முழம் தோண்டிடும். கடைசியில் வண்டியோட வயிறு மண்ணில் உட்கார்ந்துடும். வயிறு உட்கார்ந்த பிறகு சக்கரத்தின் மேல் எடையே இருக்காது. எடை இல்லாத சக்கரம் நாள் முழுக்க சுத்தினாலும் பிடிக்காது.

4.
"எனக்குத்தான் 4x4 இருக்கே டாக்டர்?"

இருக்கு. ஆனா சாதாரண டிஃபரன்சியல் ஒரு ஆக்சிலில் இருக்கிற ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். சேத்தில் சும்மா சுத்துற சக்கரத்துக்குக் கொஞ்சம் விசையே போதும். அதே கொஞ்சம்தான் பக்கத்தில் கெட்டி மண்ணில் நிக்கிற நல்ல சக்கரத்துக்கும் கிடைக்கும். முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ஒரு சக்கரம் வழுக்கினாலே 4x4 நின்னுடும்.

இதுக்குத்தான் டிஃப் லாக். கூர்க்காவில் முன்னாடியும் பின்னாடியும் லீவர் போட்டு லாக் பண்ணலாம். தாரில் சில மாடலில் பின் ஆக்சிலில் தானாவே லாக் ஆகிற அமைப்பு இருக்கு. உங்க வண்டியில் என்ன இருக்குன்னு ஷோரூம் பையனைக் கேக்காதீங்க, கையேட்டைப் படிங்க. சில பழைய ஜீப்புகளில் முன் சக்கர ஹப்பைக் கையால் திருப்பி லாக் பண்ணணும். அதைத் திருப்பாம உள்ளே லீவரை மட்டும் போட்டா முன் சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது.

5.
இப்போ ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன். இதைச் சொன்னாத்தான் மத்ததெல்லாம் புரியும்.

ஒரு நவம்பர் மாசம். ரெண்டு நாளா விடாத மழை. மலை உச்சிக் கிராமத்தில் எங்க மெடிக்கல் கேம்ப். மதியம் ரெண்டு மணிக்கு முடிச்சுட்டுக் கிளம்பும்போது கிராம சுகாதார செவிலியர் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. முதல் பிரசவம், 36 வாரம். காலையிலிருந்து தலைவலி, கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்லுது. கால் வீங்கியிருக்கு. பிபி பார்த்தேன். 170/110. கால் மணி நேரம் கழிச்சுத் திரும்ப எடுத்தேன். அதே தான்.

6.
மருத்துவம் தெரியாதவங்களுக்கு: இது கர்ப்பகால ரத்தக் கொதிப்பின் கடுமையான நிலை. எந்த நிமிஷமும் வலிப்பு வரலாம். வந்தா தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. நிரந்தரத் தீர்வு பிரசவம்தான். அதுக்கு சிசேரியன் வசதி இருக்கிற சீமாங் சென்டருக்குப் போகணும். அதுவரைக்கும் வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட்.

எங்க அவசரப் பெட்டியில் இருந்தது. ரெண்டு பிட்டத்திலும் அஞ்சு அஞ்சு கிராம், மொத்தம் 10 கிராம் ஆழமா ஊசி போட்டாச்சு. பிபி குறைய மாத்திரை கொடுத்தாச்சு. தார் ரோடு தொடங்குற இடத்துக்கு 108-ஐ வரச் சொல்லியாச்சு. கிராமத்திலிருந்து அங்கே ஏழு கிலோமீட்டர் மண் தடம். பொண்ணு, அவங்க அம்மா, புருஷன், சிஸ்டர், நான், டிரைவர் அண்ணன். கிளம்பினோம்.

7.
அஞ்சு கிலோமீட்டர் நல்லாத்தான் வந்தது. அப்புறம் ஒரு ஓடை இறக்கம். போன மாசம் வரைக்கும் அங்கே சாதாரண மண் தடம். அன்னைக்குப் பார்த்தா ரெண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்கு சக்கரப் பள்ளம். அது எப்படி வந்ததுன்னு பின்னாடி சொல்றேன்.

பள்ளத்தை விட்டு ஓரமா ஓட்டப் பார்த்தார் அண்ணன். ஓரம் மழையில் ஊறி இருந்தது. இடது பக்கம் ரெண்டு சக்கரமும் சரிஞ்சு பள்ளத்துக்குள்ளே இறங்கிடுச்சு. வண்டி சாய்ஞ்சு நின்னுச்சு.

ஒரே ஒரு தடவை மெதுவா நகர்த்திப் பார்த்தார். சக்கரம் சுத்துச்சு. உடனே காலை எடுத்துட்டார்.

"அவ்ளோதான் சார். இதுக்கு மேல மிதிச்சா நாமளே குழி தோண்டிக்கிறோம்."

8.
இது பாடம் ஒண்ணு. முதல் சுத்தலிலேயே நிறுத்துங்க.

உள்ளே வலிப்பு வரக்கூடிய ஒரு கர்ப்பிணி. அவங்க அம்மா அழுறாங்க. புருஷன் "அண்ணா, மிதிங்கண்ணா"ன்னு கத்துறார். அந்த நேரத்தில் காலை எடுக்க ஒரு நிதானம் வேணும். அந்த ஒரு நொடியில் அண்ணன் மிதிச்சிருந்தா வயிறு உட்கார்ந்திருக்கும், இந்தக் கதை வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

9.
அண்ணன் இறங்கினார். உடனே எதையும் தொடலை. ஒரு குச்சியை எடுத்துக்கிட்டு வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். எந்தச் சக்கரம் எவ்வளவு ஆழம், வயிறு தட்டுதா, பின் ஆக்சில் நடுவில் குண்டா இருக்கிற டிஃபரன்சியல் மண்ணில் புதைஞ்சிருக்கா, முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கு, முன்னாடி போறது சுலபமா, பின்னாடி வர்றது சுலபமா. குச்சியைக் குத்திக் குத்தி, எத்தனை விரக்கடைக்குக் கீழே கெட்டி மண் இருக்குன்னு பார்த்தார்.

நாங்க நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்ப்போமே, அதேதான். அவருக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

10.
அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் என் வேலையைப் பார்த்தேன். பிபி, மூச்சு எண்ணிக்கை, முட்டித் தட்டினா கால் உதறுதா. மெக்னீசியம் உடம்பில் அதிகமானா முதலில் அந்த உதறல்தான் போகும், அப்புறம் மூச்சு குறையும். மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் பெட்டியில் இருக்கு. எல்லாம் சரியா இருந்தது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாச்சு.

அண்ணன் வந்து சொன்னார். "வயிறு இன்னும் தட்டலை சார். எடுத்துடலாம். ஆனா நேரம் சொல்ல முடியாது."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "இருபது நிமிஷம் அண்ணா. அதுக்குள்ள வரலைன்னா வண்டியை விட்டுடுவோம், தூக்கிட்டுப் போவோம்."

11.
பாடம் ரெண்டு, இந்த இழையிலேயே முக்கியமானது. வண்டி நோயாளி இல்லை.

வண்டி சிக்கினதும் எல்லார் மூளையும் வண்டிக்குள்ளே போயிடும். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னு மணிக்கணக்கில் போகும். இருட்டிடும். அதனால முதலிலேயே ஒரு கெடு வைங்க. கெடு முடிஞ்சா அடுத்த வழி என்னன்னு அப்போதே முடிவு பண்ணுங்க. அந்த அடுத்த வழிக்கான வேலையையும் கூடவே ஆரம்பிச்சுடுங்க.

பக்கத்துக் கொல்லையில் வேலை பார்த்த நாலஞ்சு பேர் சத்தம் கேட்டு வந்துட்டாங்க. ஒரு பையனை முன்னாடி அனுப்பினோம், டவர் கிடைக்கிற பாறைக்குப் போய் 108-க்கு போன் பண்ண. ஸ்ட்ரெச்சரோட அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வரச் சொல்லி. இன்னொருத்தர் வீட்டிலிருந்து கயித்துக் கட்டிலும் தார்ப்பாயும் கொண்டு வந்தார்.

12.
பொண்ணைக் கட்டிலில் படுக்க வெச்சு, முப்பது அடி தள்ளி மேட்டுப் பக்கம் கொண்டு போனோம். மேலே தார்ப்பாய். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துட்டாங்க.

இதில் மூணு லாபம். வண்டியின் எடை குறைஞ்சது. இருபது நிமிஷம் கழிச்சுத் தூக்கணும்னா உடனே தூக்கலாம். மூணாவது, வண்டியை எடுக்கிற நேரத்தில் உள்ளே ஆள் இருக்கக் கூடாது. ஓட்டுறவர் தவிர யாருமே உள்ளே வேண்டாம்.

13.
அப்போதான் ஒரு தம்பி சொன்னார், "டாக்டர், எங்க டிராக்டர் இருக்கு, இரும்புச் சங்கிலி இருக்கு. ஒரே வெட்டு வெட்டி இழுத்தா வந்துடும்."

நல்ல மனசுதான். அண்ணன் அவர் தோளில் கை வெச்சு, "வேணாம் தம்பி. டிராக்டர் வரட்டும், தூரமா நிக்கட்டும். சங்கிலி போட்டு வெட்டி இழுக்கிறது மட்டும் வேணாம்"னு சொல்லிட்டார்.

ஏன்னு நான் சொல்றேன்.

14.
சங்கிலி நீளாது. டிராக்டர் ஓடி வந்து வெட்டும்போது மொத்த விசையும் ஒரே நொடியில் கொக்கியில் இறங்கும். பலவீனமான இடம் எதுவோ அது பிய்யும். சங்கிலிக் கண்ணியா இருக்கலாம், பம்பரா இருக்கலாம், வெல்டிங் வெச்ச கொக்கியா இருக்கலாம். பிய்ஞ்ச இரும்பு எந்தப் பக்கம் பறக்கும்னு யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் முன் கண்ணாடியை நோக்கி.

எங்ககிட்ட ஒரு இளைஞர் வந்தார். சிக்கின லோடு வண்டியை இழுக்கும்போது பக்கத்தில் நின்னு வீடியோ எடுத்தவர். பிய்ஞ்ச கொக்கி தொடையில் அடிச்சிருந்தது. தொடை எலும்பு ரெண்டு துண்டு. தொடை எலும்பு உடைஞ்சா வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலே உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போகலாம். அதே கொக்கி இன்னும் ரெண்டடி மேலே பட்டிருந்தா எங்ககிட்ட வந்திருக்கவே மாட்டார்.

15.
டிராக்டருக்கும் ஒரு ஆபத்து உண்டு. பின் ஆக்சிலை விட உயரமான இடத்தில் சங்கிலியைக் கட்டி இழுத்தா, சிக்கின வண்டி அசையாதப்போ டிராக்டரின் முன் சக்கரம் மேலே தூக்கும். அப்படியே பின்னாடி மல்லாந்துடும். ஓட்டுறவர் குதிக்க நேரமே இருக்காது. கீழே இருக்கிற டிராபாரில் மட்டும்தான் கட்டணும். மெதுவாத்தான் இழுக்கணும்.

16.
வேற வழியே இல்லை, இழுத்துத்தான் ஆகணும்னா:

இழுக்கன்னே விக்கிற பட்டையும் கயிறும் ரெண்டு வகை. ஒண்ணு நீளாத பட்டை. அதை மெதுவா இறுக்கி, நிதானமா இழுக்கத்தான் பயன்படுத்தணும். இன்னொண்ணு நீளுற நைலான் கைனடிக் கயிறு. அது ரப்பர் மாதிரி நீண்டு, விசையைச் சேர்த்து வெச்சு வண்டியை உருவும். ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க.

வண்டியின் சேசிஸில் கம்பெனி கொடுத்த இழுக்கும் கொக்கியில் மட்டும் கட்டுங்க. பம்பரில் கூடாது, ஆக்சிலில் கூடாது. பின்னாடி டிரெய்லருக்கு வெக்கிற உருண்டைக் குமிழில் கட்டவே கூடாது. அது பிய்ஞ்சா பீரங்கிக் குண்டு.

கயித்தின் நடுவில் ஒரு கனமான கம்பளியோ ஈரச் சாக்கோ போடுங்க. பிய்ஞ்சாலும் வேகம் குறையும். ஆட்கள் கயித்தின் நீளத்தை விட ஒன்றரை மடங்கு தள்ளி நிக்கணும். கயிறு இறுகி இருக்கும்போது அதை யாரும் தாண்டக் கூடாது. வீடியோ எடுக்கிறவர் உட்பட.

வின்ச் இருந்தா மரத்தில் நேரா ஒயரைச் சுத்தாதீங்க. அகலமான பட்டை போட்டு, மரத்தின் அடிப்பகுதியில் கட்டுங்க. கப்பி ஒண்ணு போட்டு ஒயரைத் திருப்பி வண்டிக்கே கொண்டு வந்தா இழுவிசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வேகம் பாதி. நமக்கு வேகம் தேவையில்லை.

17.
சரி, அண்ணன் என்ன பண்ணினார்?

முதலில் காத்து. நாலு டயரிலும் 30-க்கு மேல் இருந்ததை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினார். காத்து குறைஞ்சா டயர் தரையில் நீளமா படியும், எடை பரவும், பல்லும் மண்ணுக்கு ஏத்த மாதிரி வளையும். 15-க்கு கீழே போகாதீங்க, டயர் ரிம்மை விட்டு கழண்டுக்கும். முக்கியமா, நல்ல ரோட்டுக்கு வந்ததும் திரும்ப நிரப்புற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. 1500 ரூபா, 2000 ரூபாயில் 12 வோல்ட் பம்பு கிடைக்குது. மியூசிக் சிஸ்டத்துக்கு முன்னாடி அதை வாங்குங்க.

18.
அடுத்தது மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னாடி செங்குத்துச் சுவர் மாதிரி மண் நிக்கும். அந்தச் சுவரைச் சரிவா வெட்டணும். சக்கரம் படி ஏறாது, சரிவு ஏறும். முன்னாடியும் பின்னாடியும் வெட்டினாங்க. டிஃபரன்சியலுக்குக் கீழே கையை விட்டு மண்ணை எடுத்து வழி பண்ணினார். தேங்கின தண்ணியை வடிய விட ஒரு வாய்க்கால் வெட்டினார். இந்த வாய்க்காலை யூடியூபில் யாரும் காட்டுறதில்லை. தண்ணி நிக்கிற வரைக்கும் நீங்க போடுற கல்லு எல்லாம் உள்ளே போய்க்கிட்டே இருக்கும்.

19.
அப்புறம் கல்லு. கொல்லைக்காரங்க ஓடையிலிருந்து தலைச்சுமையா கொண்டு வந்தாங்க. பெரிய கல்லு கீழே, சின்னக் கல்லு மேலே, அதுக்கு மேல் கோணிப்பை. கல்லு இல்லாத இடத்தில் புதர்க் கிளை, தென்னை மட்டை, காலில் போடுற மேட் எதுவும் போடலாம். காசு இருக்கிறவங்க டிராக்ஷன் போர்டு வாங்கி வெச்சுக்கலாம். எது போட்டாலும் அந்தச் சக்கரத்துக்கு நேர் பின்னாடியும் நேர் முன்னாடியும் ஆள் நிக்கக் கூடாது. சக்கரம் சுத்தினா கல்லு தோட்டா மாதிரி வரும்.

கல்லைப் புரட்டும் முன்னாடி குச்சியால் தட்டிட்டுப் புரட்டுங்க. மழைக்காலத்தில் கல்லுக்கு அடியில் பாம்பும் தேளும் ஒதுங்கி இருக்கும். கையை நேரா விட்டு கடி வாங்கினவங்களையும் பார்த்திருக்கேன்.

20.
ஜாக்கி பத்தி ஒரு வார்த்தை. சேத்தில் ஜாக்கி வெச்சா வண்டி மேலே வராது, ஜாக்கி கீழே போகும். அடியில் அகலமான பலகை போட்டே ஆகணும். உயரமான ஜாக்கியில் கைப்பிடி ஒரு எமன். எடை இருக்கும்போது நழுவினா அடிச்சு மேலே வரும். தாடை உடைஞ்சு ஒருத்தர் வந்தார், நாலு பல்லு கையில். தலையைக் கைப்பிடிக்கு நேரா வெக்காதீங்க. ஜாக்கி மட்டும் தாங்குற வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பாகமும் போகக் கூடாது.

21.
எல்லாம் தயாரானதும் அண்ணன் ஏறினார். ஸ்டீயரிங்கை நேராக்கினார். சிக்கின அவசரத்தில் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னே தெரியாது. திரும்பின சக்கரம் மண்ணை வழிக்கிற பலகை மாதிரி தடுக்கும். வண்டி நின்ன நிலையில் 4 லோ போட்டார். முதல் கியர் இல்லை, ரெண்டாவது. முதல் கியரில் விசை அதிகம், சக்கரம் சட்டுனு சுத்திடும். ரெண்டாவதில் மெதுவா, ஒரே சீரா.

முன்னாடி வரலை. பின்னாடி பத்தடி எடுத்தார். வந்த வழி எப்படின்னு நமக்குத் தெரியும், அதனால பெரும்பாலும் பின்னாடி வர்றதுதான் சுலபம். பின்னாடி வந்து, கல்லுத் தடத்துக்கு நேரா வண்டியை நிமிர்த்தி, திரும்ப முன்னாடி. சத்தமே இல்லாம ஏறி வந்துடுச்சு. டிராக்டர் வேலையே இல்லாம நின்னுட்டிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு நிமிஷம்.

22.
பொண்ணை மறுபடி ஏத்தி, ரெண்டு கிலோமீட்டரை நடக்கிற வேகத்தில் கடந்தோம். வழியிலேயே ஸ்ட்ரெச்சரோட நடந்து வந்துகிட்டிருந்த 108 தம்பிகளையும் ஏத்திக்கிட்டோம். அன்னைக்கு ராத்திரியே சிசேரியன். பொம்பளப் புள்ள, ரெண்டு கிலோ சொச்சம். தாய்க்கு வலிப்பு வரலை.

இருபதாவது நிமிஷமும் தாண்டியிருந்தா தூக்கிட்டுத்தான் போயிருப்போம். மலையில் இன்னும் டோலி கட்டித் தூக்கிட்டு வர்ற கிராமங்கள் இருக்கு. ரோடு கேட்டு அவங்க கொடுக்கிற மனு வருஷா வருஷம் போகுது. அது தனி இழை.

23.
டாக்டரா இன்னும் சில எச்சரிக்கைகள்:

சிக்கின வண்டியில் ஏசி போட்டு, கண்ணாடி ஏத்திக்கிட்டு உட்கார்ந்து காத்திருக்காதீங்க. சைலன்சர் வாய் மண்ணில் புதைஞ்சிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் கெட்டியா பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், தூக்கம், அவ்வளவுதான். குழந்தைகள் தூங்குறாங்கன்னு நினைப்பீங்க. இன்ஜினை அணைச்சுட்டு வெளியே வாங்க.

ஓடும் தண்ணியில் ஆழம் தெரியாம வண்டியை இறக்காதீங்க. இன்ஜினுக்குள் தண்ணி போய் நின்னுட்டா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

சேத்துக் காயத்தை சோப்புத் தண்ணியில் நல்லா கழுவி, டெட்டனஸ் ஊசி நிலவரம் பாருங்க. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

போயிட்டு வந்த ஒண்ணு ரெண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தா "மலைக்குப் போனேன், சேத்தில் இறங்கினேன், புதரில் நடந்தேன்"னு டாக்டரிடம் தானாவே சொல்லுங்க. எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைபசும் சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண மாத்திரையில் குணமாகும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் புண் இருக்கான்னு பாருங்க. அது வலிக்காது, அதனால உங்களுக்கே தெரியாது.

24.
கடைசியா, அந்தப் பள்ளம் எப்படி வந்தது?

அந்த மழைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை கீழேயிருந்து ஏழெட்டு ஜீப் வந்திருந்தது. ஜாலி ட்ரிப். ஓடை இறக்கத்தில் வேணும்னே நின்னு சக்கரத்தைச் சுத்தி, சேறு தெறிக்கிறதை வீடியோ எடுத்திருக்காங்க. யார்னு தேடிப் பிடிச்சுத் திட்டுறது என் நோக்கம் இல்லை. அவங்களுக்கு அது ஒரு சேத்துப் பள்ளம், அவ்வளவுதான். அந்த வழியாதான் தடுப்பூசி போகுது, ரேஷன் அரிசி போகுது, சாமை மூட்டை சந்தைக்கு வருதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. அதனால இப்போ நான் சொல்றேன்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாம வண்டியோட நுழையறது குற்றம், அது எல்லாருக்கும் தெரியும். காட்டுக்கு வெளியே இருக்கிற மண் தடமும் யாரோ ஒருத்தரோட ரோடு. ஆஃப்ரோடு ஆசை தப்பே இல்லை. அதுக்குன்னே தனியார் இடத்தில் ட்ராக் போட்டு வெச்சிருக்காங்க. அங்கே போய் எவ்வளவு வேணும்னாலும் சுத்துங்க.

மண் தடத்தில் சிக்கி எடுத்தீங்கன்னா, எடுத்த கையோட கிளம்பிடாதீங்க. வெட்டின சரிவையும் சக்கரம் தோண்டின குழியையும் கல்லும் மண்ணும் போட்டு மூடுங்க. அரை மணி நேர வேலை.

25.
மறுநாள் காலையில் டிரைவர் அண்ணனைக் காணோம். ஓ.பி. முடியுற நேரத்துக்கு வந்தார், முழங்கால் வரைக்கும் மண்ணு. மண்வெட்டி, கடப்பாரை எடுத்துக்கிட்டு, நேத்து உதவின கொல்லைக்காரங்களையும் கூப்பிட்டுக்கிட்டு, அந்தப் பள்ளத்தை ரெண்டு பக்கமும் நிரப்பிட்டு வந்திருக்கார்.

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே அண்ணா"ன்னேன்.

"நீங்க ஊசி போடுங்க சார். வியாழக்கிழமை அதே வழியாதான் தடுப்பூசிக்குப் போகணும்."

வியாழக்கிழமை போனோம். சிக்காமத்தான் போனோம்.

புது 4x4 வாங்கின நண்பர்களுக்கு வாழ்த்துகள். வண்டியில் மண்வெட்டி, பம்பு, ரெண்டு கோணிப்பை, முதலுதவிப் பெட்டி வெச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ட்யூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.